லாரியில் வந்த கற்கள்

வணக்கம் சார்,

யூகோஸ்லாவியா பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபிறகு, சனி ஞாயிறு முழுக்க, தொண்ணூறுகளில் அந்த நாடு உடைந்த போர் குறித்த ஆவணப்படங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிபிசியின் ‘தி டெத் ஆஃப் யூகோஸ்லாவியா’ முழுவதையும் முடித்தேன். பிறகு யூடியூபில் கிடைத்த செர்பியத் தரப்புப் படம் ஒன்று, குரோஷியத் தரப்புப் படம் ஒன்று. ஒன்றில் வில்லனாக வருபவர் இன்னொன்றில் தியாகி. தலை சுற்றுகிறது. ஆயிரம் வருடமாக அடித்துக்கொள்ளும் இனங்களை, அந்த நாட்டை ஆண்ட டிட்டோ என்ற ஒரு மனிதர் மூடிபோட்டு வைத்திருந்தார், அவர் போனதும் மூடி பறந்துவிட்டது என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சரிதானே?

எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலையாக எடுத்த படம் எது? முடிந்தால் பத்துப் படங்களின் பட்டியல் தருவீர்களா? ஈழத்தோடு இதை ஒப்பிடலாமா?

இதையெல்லாம் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் அறையில் நான்கு பேர். வேறுவேறு ஊர், வேறுவேறு சாதி. கல்லூரியிலிருந்தே ஒன்றாக இருக்கிறோம். போன தேர்தல் சமயத்தில் வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோவை வைத்துப் பேச்சு முற்றி, ஒருவன் அறையைக் காலிசெய்துகொண்டு போய்விட்டான். அந்த வீடியோ எங்கள் யாருடைய ஊரிலும் எடுத்ததுகூட இல்லை சார்.

ம.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

பட்டியல் தரமாட்டேன். பட்டியல் கேட்பவர்கள் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு தூங்கப் போகிறவர்கள். நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கு அது தேவையில்லை. ஈழம் பற்றிய கேள்வியைக் கடிதத்தின் வாலில் கட்டி அனுப்பாதீர்கள். தனியாகக் கேளுங்கள், தனியாகத் திட்டுகிறேன்.

ஆனால் அந்த ஆயிரம் வருடத்தை விட முடியாது. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானே அந்த பிபிசி தொடரின் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுமா இப்படி எழுதினீர்கள்?

1987 ஏப்ரல் 24, அன்று செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோவில் கொசோவோ போல்யே என்ற ஊர். ஸ்லோபொடான் மிலோஷெவிச் அப்போது செர்பியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். எந்தக் கூட்டத்தையும் பேசிக் கிளப்பிப் பழக்கமில்லாத கட்சி அதிகாரி. அல்பேனியர்கள் பெரும்பான்மையாக உள்ள கொசோவோவில் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அங்குள்ள செர்பியர்கள் முறையிடுகிறார்கள், கேட்டுவிட்டு வா என்று அவருடைய ஆசான் இவான் ஸ்டாம்போலிச் அனுப்புகிறார். உள்ளே கூட்டம் நடக்கிறது. வெளியே போலீஸ் தடியடி. கற்கள் பறக்கின்றன. மிலோஷெவிச் வெளியே வந்து, உங்களை அடிக்க எவனுக்கும் துணிவு வரக்கூடாது என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை பெல்கிரேட் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. சில மாதங்களில் ஸ்டாம்போலிச்சே தூக்கியெறியப்பட்டார். 2000ல் அவரைக் கடத்திக் கொன்றார்கள்.

அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? அன்றைய கூட்டத்தைத் திரட்டியவர்களில் ஒருவரான மிரோஸ்லாவ் ஷொலெவிச் அதே தொடரில் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தயாராக நிறுத்தியிருந்தோம். சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணச் சமையலை நல்லபடியாக முடித்துக்கொடுத்தவரின் திருப்தி இருக்கிறது. மிலோஷெவிச் அதற்கு நான்கு நாள் முன்பே ஒருமுறை வந்துபோயிருந்தார். வருவதற்குத் தேதி குறித்து, ஆள் திரட்டி, கல் ஏற்றி, கேமரா வைத்து நடந்த காரியம் அது. ஆயிரம் வருடப் பகைக்கு லாரி எதற்குத் தம்பி?

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1389ல் கொசோவோவில் ஆட்டமன் படையை எதிர்த்து செர்பிய இளவரசர் லாஸர் போரிட்டபோது அவருடன் நின்றவர்களில் பொஸ்னிய மன்னர் அனுப்பிய படையும் உண்டு. லாஸர் அந்தக் களத்தில் மடிந்தார். அவருடைய மகள் ஆட்டமன் சுல்தான் பயசித்தை மணந்தாள். மகன் ஸ்டெஃபான் 1402ல் அங்காராவில் அதே பயசித்துக்காகத் தைமூரை எதிர்த்துப் போரிட்டார். இதில் எங்கே வைப்பீர்கள் உங்கள் இனப்பகையை? அவர்கள் அரசர்கள். அரசர்கள் செய்வதைச் செய்தார்கள்.

உண்மையான ரத்தம் 1941க்கும் 1945க்கும் இடையில் ஓடியது. நாஜி ஜெர்மனியின் தயவில் குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷாக்கள் யாசெனோவாச் முகாமில் செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள் என்று பல்லாயிரம் பேரைக் கொன்றார்கள். கிழக்கு பொஸ்னியாவில் செட்னிக்குகள் என்ற செர்பிய ஆயுதக்குழுவினர் முஸ்லிம் கிராமங்களை அழித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. டிட்டோவின் அரசு அதைப் பற்றி வாய்திறந்து அழவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அது நான்கு வருடம். பாட்டிமார் நேரில் பார்த்த நான்கு வருடம். அதை ஆயிரமாக்க உழைப்பு தேவைப்பட்டது. கொசோவோ போரின் அறுநூறாவது ஆண்டுவிழாவுக்கு முன் லாஸரின் எலும்புகளை ஊர் ஊராக எடுத்துச்சென்று தரிசனத்துக்கு வைத்தார்கள். 1990, 91ல் ஹெர்ஸகோவினாவின் மலைக்குகைகளிலிருந்து உலகப்போரில் கொல்லப்பட்ட செர்பியர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, கேமராக்களுக்கு முன் பெருஞ்சடங்காக மறு அடக்கம் செய்தார்கள். தாத்தாவின் எலும்புக்குக் காரியம் செய்வதை யார் குறைசொல்ல முடியும்? அதுதான் அந்த வேலையின் சாமர்த்தியம். துக்கம் உண்மை, அது வந்த வேளை மட்டும் யாரோ குறித்துக் கொடுத்தது.

இன்னொன்று. உங்கள் வரியை உங்களுக்கு முன்பே சொன்னவர்கள் பெரிய இடத்தில் இருந்தார்கள். 1993ல் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் சொன்னதும் அதைத்தான், பழைய பகைகள் கட்டவிழ்ந்துவிட்டன என்று. அப்போது பொஸ்னியத் தலைநகர் சரயேவோ செர்பியப் படைகளின் முற்றுகையில் இருந்தது. மலைமேல் பீரங்கிகள், கீழே தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மக்கள். ஐக்கிய நாடுகள் சபை 1991 செப்டம்பரிலேயே எல்லாத் தரப்புக்கும் ஆயுதத் தடை விதித்திருந்தது. யூகோஸ்லாவிய ராணுவத்தின் கிடங்குகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை. பழம்பகை என்று சொல்லிவிட்டால் மழை, வெள்ளம் மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் பொறுப்பில்லை, யாரும் தலையிட வேண்டியதில்லை. லண்டனுக்கு அது எவ்வளவு வசதியான வரலாறு! கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த வசதி எதற்கு?

எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு. தொண்ணூறுகளில் தெற்கே எங்கள் ஊரில் ஒரு வீடியோ கடை இருந்தது. டிவி, டெக், கேசட் எல்லாம் வாடகைக்கு. கல்யாணங்களுக்கு வீடியோவும் எடுப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் நான் அங்கே லைட் பிடிக்கப் போவேன். கம்பியில் மாட்டிய பெரிய விளக்கு, கை சுடும், வயர் காலைச் சுற்றும். கூலியோடு புரோட்டாவும் கிடைக்கும். அந்த வருடங்களில் கல்யாணத்தைவிடச் சாதிச் சங்க ஊர்வலங்களுக்கே எங்களை அதிகம் கூப்பிட்டார்கள்.

ஊர்வலத்தில் வரும் பையன்கள் வெயிலில் வாடி, கலர் குடித்துக்கொண்டு, சினிமாக்கதை பேசிக்கொண்டு வருவார்கள். பாதிப்பேர் என் வகுப்பு. விளக்கைப் போட்டதும் கை உயரும், கழுத்து நரம்பு புடைக்கும். அணைத்ததும், “எல, கேசட்டு எப்பம்ல வரும்? எம் மூஞ்சி தெரியுமால?” என்று கேட்பார்கள். ஊர்வலம் மற்றவர்கள் தெருமுனைக்கு வரும்போது மட்டும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வீடியோகாரர் தோளைத் தட்டி, இங்கே நல்லா எடு என்பார். நான் அந்தப் பக்கம் விளக்கைத் திருப்புவேன். வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். மறுவாரம் அந்தக் கேசட் ரஜினி படத்தைவிட வேகமாக வாடகைக்குப் போகும். இரு தரப்புக் கேசட்டும் ஒரே கடையில், ஒரே அலமாரியில். வீடுகளில் அந்தத் தெருமுனைக் காட்சியை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்கள். கதவு சாத்தப்படுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் நடந்ததைப் பத்திரிகைகள் ‘காலங்காலமாகப் புகைந்த பகை’ என்றே எழுதின. புகைந்ததோ இல்லையோ, விளக்கு என் கையில் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஸ்கார்பியன்ஸ் ஒளிநாடாவைப் பற்றிப் படித்தபோது எனக்குக் குமட்டியது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற பொஸ்னிய ஊரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேரை ட்ர்னோவோ அருகே ஸ்கார்பியன்ஸ் என்ற செர்பியப் படைப்பிரிவு சுட்டுக்கொன்றதை அவர்களே படம்பிடித்தார்கள். ஆறில் சிலருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. நாடாவின் தொடக்கத்தில் ஒரு பாதிரியார் அந்தப் பிரிவை ஆசீர்வதிக்கிறார். கொலைக்கு நடுவே, பேட்டரி தீரப்போகிறது என்று படம்பிடிப்பவர் சலித்துக்கொள்வது கேட்கிறது. மனித உரிமைச் செயற்பாட்டாளர் நடாஷா காண்டிச் அதைத் தேடிக் கண்டுபிடிக்க, 2005 ஜூன் 1 அன்று யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான ஹேக் நீதிமன்றத்தில் மிலோஷெவிச் விசாரணையில் திரையிட்டார்கள். அதற்கு முன் அந்த நாடா எங்கே இருந்தது? அந்தப் பிரிவின் ஆட்கள் வாழ்ந்த ஷித் என்ற சிறுநகரத்தின் வீடியோ கடையில் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது.

நடுநிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி 1992ல் எடுத்த ‘செர்பியன் எபிக்ஸ்’ பாருங்கள். சரயேவோவைச் சுற்றிய மலைகளில் பொஸ்னிய செர்பியத் தலைவர் ரடோவன் கராஜிச்சோடு கேமரா உலவுகிறது. அவர் மனநல மருத்துவர், கவிஞரும்கூட. ஒற்றை நரம்புக் குஸ்லே வாத்தியத்தோடு பாட்டு, பாதிரிமார், வறுத்த ஆடு. ரஷ்ய எழுத்தாளர் லிமோனோவ் விருந்தாளியாக வந்து, கீழே தெரியும் நகரத்தை நோக்கி இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். இயக்குநர் யாரையும் கண்டிக்கவில்லை. கொலைகாரர்களின் கூடாரத்தில் உட்கார்ந்து எடுத்துவிட்டு எதிர்த்தரப்பைக் காட்டவே இல்லை என்று குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை விளங்கவில்லை. பாட்டு எப்படித் தோட்டாவாகிறது என்பதை அவ்வளவு அருகில் காட்டிய படம் வேறில்லை. ஹேக் வழக்கிலும் அதன் காட்சிகள் பயன்பட்டன. இருபக்கமும் பத்துப் பத்து நிமிடம் கொடுப்பது பட்டிமன்றத்துக்குச் சரி.

உங்களுக்கு ஒரே ஒரு படம்தான் சொல்வேன். ‘வீ ஆர் ஆல் நெய்பர்ஸ்’, 1993, பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சிக்காக டெபி கிறிஸ்டி எடுத்தது. சரயேவோவுக்குப் பக்கத்தில் முஸ்லிம்களும் குரோஷியக் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்த ஒரு கிராமம். நார்வே மானுடவியலாளர் டோனே ப்ரிங்கா எண்பதுகளிலேயே அங்கே தங்கி ஆய்வு செய்தவர், அதனால் வீடுகளுக்குள் கேமரா இயல்பாகப் போய்வருகிறது. முதலில் பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பி குடிக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் வராது என்கிறார்கள். தூரத்தில் குண்டுச் சத்தம். வதந்திகள், சாலைத் தடுப்புகள், கைதுகள். ஒரு தோழி இன்னொரு தோழியின் வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறாள். ஏனென்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. 1993 ஏப்ரலில் பொஸ்னியக் குரோஷியர்களின் படை தாக்கியது. முஸ்லிம் வீடுகள் எரிந்தன. படக்குழு திரும்பி வந்தபோது அந்தக் குடும்பங்கள் அங்கே இல்லை.

1992ல் இந்த இரண்டு சமூகங்களும் செர்பியப் படைகளை எதிர்த்து ஒரே பக்கம் நின்றவை என்பதையும், 1994 மார்ச்சில் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மீண்டும் கூட்டணி ஆனவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் இருந்த ஆயிரம் வருடப் பகையின் வயது பதினெட்டு மாதம்கூட இல்லை.

டிட்டோ மூடி என்று தோன்றினால் ஜெலிமீர் ஜில்னிக்கின் படம் ஒன்று இருக்கிறது. 1994 பெல்கிரேட் தெருவில் டிட்டோ வேடத்தில் ஒரு நடிகரை நடக்கவிட்டார். வேடம் என்று தெரிந்தே மக்கள் அவரை நிறுத்தித் திட்டுகிறார்கள், முறையிடுகிறார்கள், ஏங்குகிறார்கள். இதற்குமேல் அதை விளக்க எனக்குப் பொறுமையில்லை.

உங்கள் நண்பர் விஷயம். அந்த வாட்ஸப் வீடியோவை எடுத்தது யார், எங்கே, எந்த வருடம், உங்கள் குழுவில் அதைப் போட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. யூகோஸ்லாவியாவுக்கு ஆறு பகுதி பார்த்தீர்கள், இதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தீர்களா? அந்த வீடியோவில் விளக்குப் பிடித்தவனைத் தேடுங்கள். அறையை விட்டுப் போனவரை அதற்கு முன்பே போனில் கூப்பிடுங்கள். வீடியோவைப் பற்றிப் பேச வேண்டாம், முன்பணக் கணக்கு பாக்கி இருக்கும், அதைப் பேசுங்கள். கூப்பிட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன் எழுதினால் பதில் வராது.

அன்புடன்.