பி.எஸ்./எம்.டி. இடத்தை விடுங்கள், ஒலோனியில் பயாலஜி படிக்கட்டும்

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு தம்பதி பேசினார்கள். மகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், பட்டப்படிப்பும் மருத்துவப் படிப்பும் சேர்ந்த பி.எஸ்./எம்.டி. இடம் கிடைத்திருக்கிறது, அவளோ பக்கத்திலிருக்கும் ஒலோனி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் பயாலஜி படிக்கிறேன் என்கிறாள். "கம்யூனிட்டி காலேஜ் என்று ஊரில் எப்படிச் சொல்வது?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. பெரியப்பா வேறு தினமும் போன் செய்கிறாராம்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் செலவு, அதற்கு வீட்டின் மேல் கடன் வாங்கப் போகிறோம் என்றதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். வாங்காதீர்கள். வட்டி கட்டப் போவது நீங்கள், பெரியப்பா இல்லை.

ஒலோனியில் கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகமான யூ.சி.க்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760. இரண்டாம் வருட செப்டம்பரில் டேக் எனப்படும் இட உறுதி விண்ணப்பம் போடலாம், கேட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் டேவிஸ், இர்வைன், சான்டா குரூஸ் உட்பட ஆறு யூ.சி. வளாகங்களில் ஒன்றில் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் சேராது. பட்டம் யூ.சி. பட்டம்தான்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஜெனரல் பயாலஜியில் இரண்டு வகை உண்டு, மற்றத் துறை மாணவர்களுக்கான ஒரு செமஸ்டர் பாடம் ஒன்று, பயாலஜி மேஜருக்கான தொடர் பாடங்கள் இன்னொன்று, முதலாவதை எடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்படும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அசிஸ்ட் இணையதளத்தில் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கெமிஸ்ட்ரியை முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடிக்க மூன்றாவது வருடம் ஆகிவிடும். வகுப்புகள் சிறியவை, வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பிரியும் செல்களை எண்ணும்போது பாடம் எடுத்த பேராசிரியரே பக்கத்தில் நிற்பார். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அதற்கு வாய்ப்பே இல்லை.

மகளிடம் தனியாகப் பேசினேன். கொயோட்டி ஹில்ஸ் சதுப்பில் எடுத்த பறவைப் படங்களைக் காட்டினாள். மேல்நோக்கி வளைந்த அலகை அவோசெட் பறவை தண்ணீரில் இடமும் வலமுமாக வீசி இரை தேடுவதைக் கையாலேயே செய்து காட்டினாள். முக்கால் மணி நேரத்தில் டாக்டர் என்ற சொல் ஒருமுறைகூட அவள் வாயில் வரவில்லை.

பின்னால் மருத்துவம் வேண்டுமென்றால் யூ.சி.யில் மேல்நிலை அறிவியல் பாடங்களை நன்றாக முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம், அந்தக் கதவு மூடாது. மே 1-க்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்ற கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.