கல்யாணப் பணம் யாருடைய பணம்?

கேள்வி: கோயம்புத்தூர் பக்கம் நூற்பாலை விடுதியில் ஒரு பெண் மூன்று வருடம் தங்கி வேலை பார்த்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு 50,000 ரூபாய் மொத்தமாகத் தருகிறார்கள். சம்பா பொய்த்த வீட்டுக்கு வேறு என்ன வழி? இதையும் குறை சொல்கிறீர்களே?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வீட்டு நிலைமை பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்களும், 2018 கஜா புயலில் தென்னை மொத்தமாகச் சாய்ந்ததும் எனக்கும் தெரியும். ஆனால் ‘தருகிறார்கள்’ என்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கணக்குப் போடுவோம். குறைந்தபட்சக் கூலியில் நாளுக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 26 நாள், மூன்று வருடத்துக்கு 936 நாள். ஆக 93,600 ரூபாய். அவளுடைய பணத்தில் பாதியைத்தான் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்து அவள் கையிலேயே கொடுக்கிறார்கள். பஞ்சுத் தூசியில் மூச்சிளைத்து முப்பதாவது மாதம் ஊர் திரும்பினால் அதுவும் கிடையாது. அந்தப் பயம்தான் அவளை உள்ளே கட்டிப்போடுகிறது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் எல்லாம் அப்புறம். அவள் நூற்ற நூல் திருப்பூரில் பனியனாகிக் கப்பலேறிவிடும், கூலி மட்டும் ஆலையிலேயே கிடக்கும்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு. சம்மதித்துத்தானே வந்தாள் என்பது அங்கே செல்லாது. பசி தரும் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்றது தீர்ப்பு.

நிலக்கிழாரிடம் அடிமைபோல் உழைக்க வைத்த பண்ணையாள் முறையை எதிர்த்து நின்று 1952-இல் பாதுகாப்புச் சட்டம் வாங்கிய மண் உங்களுடையது. நெல் கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தில்தான் 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அந்த மண்ணின் பேத்திகளிடம் கூலியை மூன்று வருடம் கழித்து வாங்கிக்கொள் என்றால், நாம் தலையாட்டலாமா?

மகளை வேலைக்கே அனுப்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் மாதாமாதம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழ வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை, கையில் போன். விடுதியை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். ‘எல்லாம் முடிவில் மொத்தமாக’ என்று ஏஜெண்ட் இழுத்தால் வேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்ட பெண் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.