ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த பைக் திருடு போய் 20 நாளாகிறது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் கிளெய்ம் இல்லை என்கிறது இன்சூரன்ஸ். 5,000 ரூபாய்க்கு எஃப்.ஐ.ஆர். வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போடக் கட்டணமே கிடையாது, புகார்தாரருக்கு அதன் நகலும் இலவசம்.

சி.எஸ்.ஆர். உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். முதலில் மனு நகலை எடுத்துப் பாருங்கள். 'பைக்கைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்' என்று இருக்கிறதா? மனு எழுதிக் கொடுப்பவர்களின் பழகிப்போன வாக்கியம் இது. காணவில்லை என்றால் குற்றம் என்ற பேச்சே எழாது, போலீஸ் ரசீதோடு முடித்துவிடலாம். சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, கூடுதல் மனு கொடுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், பூட்டி நிறுத்திய வண்டியை அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றார். ஆர்.சி.யில் உள்ளபடி என்ஜின், சேஸிஸ் எண்களையும் எழுதுங்கள். 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 173(3) பிரிவு இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறது. 3 ஆண்டு முதல், 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு என்பதால் உங்கள் பைக்கும் இதில் வரும். ஆனால் வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கத்தான் அந்த விசாரணை, திருடன் சிக்குகிறானா என்று காத்திருக்க அல்ல. தவிர, உங்களுக்கு 14 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. திருடு போனது சரக்கு ஆட்டோவாக இருந்தால் தண்டனை 7 ஆண்டு வரை, அங்கே இந்தச் சாக்கும் செல்லாது. "எங்க லிமிட் இல்லை" என்பதும் சாக்குதான். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது) போடலாம்.

இதற்கு மேலும் இழுத்தால், மனுவை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அதே சட்டத்தின் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு நிற்காது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. இன்னமும் தபாலாபீஸ் வழியாகத்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது.

இன்சூரன்ஸுக்கு இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். கிளெய்முக்கு இரண்டு சாவியையும் கேட்பார்கள். அந்த 5,000 ரூபாய் ஆளிடம் சாவியோ ஒரிஜினல் ஆர்.சி.யோ போய்விடக் கூடாது.