சென்னைத் துறைமுகத்துத் தொழில்கள் – கடிதம்

ஐயா,

கம்பெனிக் காலத்துச் சென்னை பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா இராயபுரம் கரையில் மசூலாப் படகு வலித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். பழைய சென்சஸில் அவர் பெயரும் தொழிலும் கிடைக்குமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. நான் பார்த்த பழைய ஆவணங்களில் பலவற்றில் தொழில் இருக்க வேண்டிய இடத்தில் சாதிப் பெயர்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யார் என்ன வேலை செய்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

க., திருவொற்றியூர்

அன்புள்ள க.,

சென்சஸில் கிடைக்காது. வீடுவீடாக நிரப்பிய தாள்களைக் கூட்டிக் கணக்குப் போட்டு முடித்ததும் கழித்துவிட்டார்கள். மிஞ்சியவை அட்டவணைகள் மட்டுமே. 1871இல் சென்னை நகரத்தில் 3,97,552 பேர் இருந்தார்கள் என்று அவை சொல்லும். அந்தக் கூட்டத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவையோ அவருடைய அப்பாவையோ பெயர் சொல்லிப் பிரித்தெடுக்க வழியில்லை.

உங்கள் இரண்டாவது சந்தேகம் நியாயமானது. அதே 1871 கணக்கெடுப்பில் வண்ணார், குயவர், செம்படவர் என்று தொழிலையொட்டிய பெயர்களே சாதிப் பிரிவுகளாக நிற்கின்றன. கிராமத்திலேயே இது முழுக்கப் பொருந்தாது. பிழைப்புத் தேடி நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த துறைமுகப் பட்டினத்தில் கேட்கவே வேண்டாம். கைக்கோளர், அதாவது நெசவாளர் சாதி, என்று எழுதப்பட்டவர் கடற்கரையில் மூட்டை தூக்கியிருக்கலாம், கிடங்குக்குக் காவல் இருந்திருக்கலாம். அதனால் நான் பட்டியல்களை அதிகம் நம்புவதில்லை. தகராறுகளைத்தான் தேடிப் படிப்பேன்.

1680ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர் அப்போது ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். துணியில் சித்திரம் எழுதுகிறவர்கள் கம்பெனியோடு முறைத்துக்கொண்டு சாந்தோமில் போய்க் கூடிவிட்டார்கள். ஊருக்குள் இருந்த சாதியாருக்கெல்லாம் ஓலை போனது. கம்பெனியிடம் வேலை பார்த்த துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களையும் தலைமைச் சேவகர்களையும், வியாபாரிகளுக்குத் துணி வெளுத்தவர்களையும் வெளியே வரச் சொன்னார்கள். வராவிட்டால் கொலை என்று மிரட்டல் வேறு. மாட்டின் மேல் வந்த துணிப் பொதிகளைக் கீழே தள்ளினார்கள். சென்னைப்பட்டினத்துக்குத் தானியமோ விறகோ கொண்டுபோகக் கூடாது என்று சுற்றுவட்டார ஊர்களில் பறையறைந்தாயிற்று. கோட்டைக்குச் சுண்ணாம்பு சுட்டுக்கொடுத்தவர்களின் வீடுகளை அடைத்துக் கட்டினார்கள். இனிமேல் சுண்ணாம்பு சுடக் கூடாது, அதற்காகக் கிளிஞ்சல் பொறுக்கவும் கூடாது என்று தடை போட்டார்கள்.

இத்தனையும் கோட்டையின் அன்றாடக் குறிப்பில் ஒரே மூச்சில் வருகிறது. கிளிஞ்சல் பொறுக்குகிறவரை எந்த அதிகாரி சும்மா இருக்கும்போது நினைத்திருப்பார்? சுண்ணாம்பு வந்துகொண்டிருந்தவரை அவர் ஏட்டில் இல்லை. வரத்து நின்றதும் வந்துவிட்டார். வேலை தடைப்படும்போதும் பொருள் களவு போகும்போதும் கூலி உயரும்போதும்தான் அதிகாரியின் பேனா கீழே இருப்பவர் பக்கம் திரும்புகிறது. ஊர்க்காவல் பெத்த நாயக்கன் ஆவணங்களில் அடிக்கடி தலைகாட்டுவதும் இதனால்தான். திருட்டுப் போன பொருளுக்கு அவர் ஈடு கட்ட வேண்டும். பெத்தநாயக்கன்பேட்டை என்று அவர் பதவியின் பெயரே இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

தடைபடாத வேலை, கம்பெனி நேரே காசு கொடுக்காத வேலை, இவை ஏட்டில் ஏறுவது அபூர்வம். 1734இல் சிந்தாதிரிப்பேட்டையைக் கூவத்தின் வளைவில் நெசவுக்காகவே உண்டாக்கினார்கள். நெய்பவர், வெளுப்பவர், சித்திரம் எழுதுபவர் என்று குடியேற்றியது தெரிகிறது. நூற்பவர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து நூல் நூற்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் கண் பூத்துப்போகும். கம்பெனி வியாபாரியிடம் துணியை வாங்கியது, அவளிடம் நூலை வாங்கவில்லை.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். படகுக்காரர்கள் ஆவணங்களில் கொட்டிக் கிடக்கிறார்கள், பெரும்பாலும் திட்டு வாங்கிக்கொண்டு. சரக்கைத் திருடுகிறான், அலை நடுவில் படகை நிறுத்திக் கூடக் காசு கேட்கிறான் என்று ஒரே புலம்பல். படிக்கும்போது எழுதியவர் யார் என்பதை மறக்கக் கூடாது. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுவிடும். கவர்னரானாலும் பீரங்கியானாலும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது; அலை தூக்கிக் கரையில் அறைந்தாலும் வளைந்துகொடுக்கும், உடையாது. ஆணி அடித்த கப்பல் படகு அந்த அலையில் தாங்காது. அதனால் படகுக்காரர் வரமாட்டேன் என்றால் மாற்று ஆள் கிடையாது. வசவின் காரம் முழுக்க இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றியதற்காகக் கட்டுமரக்காரர்களுக்கு மெடல் கொடுத்ததும் இதே அரசாங்கம்தான்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் காலம் 1880ஐ ஒட்டியது என்றால் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1861 வாக்கில் இரும்புத் தூண்களின் மேல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் வந்துவிட்டது. அப்புறம் கட்டிய துறைமுகச் சுவர்களை முடிகிற தறுவாயில் 1881 நவம்பர் புயல் பெயர்த்துப் போட்டது. துறைமுகம் எழுந்த பிறகும் கொஞ்ச காலம் சரக்கைப் படகில்தான் இறக்கினார்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே போகாதீர்கள். பெயரும் ஆண்டும் இல்லாமல் அங்கே போனால் கட்டுக்கட்டாகப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். உங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமா என்று நீங்கள் எழுதவில்லை. ஆமென்றால் இராயபுரம் புனித பேதுரு ஆலயத்தில் தொடங்குங்கள். படகுக்காரர்களே கட்டிய கோயில் அது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ கோர்ட் தாளோ இருக்கிறதா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள், குறிப்பாகப் பாகப் பிரிவினைச் சண்டை ஏதாவது நடந்ததா என்று. ஓர் ஆண்டு கையில் கிடைத்ததும் எழுதுங்கள். கப்பல்துறைக் கோப்புகளில் எதைக் கேட்டு வாங்கலாம் என்று அதற்குப் பிறகு சொல்கிறேன்.