பட்டறைப் பக்கம்: செயினுக்குப் பெட்ரோல் வேண்டாம்

கேள்வி: மழைக்காலம் வந்தால் என் பைக் செயினில் சேறும் கிரீஸும் சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. பெட்ரோல் ஊற்றித் தேய்த்தால் நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலேயே செய்யலாமா?
(ஒரு வாசகர், ஈஜிபுரா, பெங்களூரு)

பளிச்சென்று ஆகும் தம்பி, அதில் சந்தேகமில்லை. கிரீஸைப் போக்குவது சுலபம். அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 150 சிசிக்கு மேற்பட்ட பல பைக்குகளில் ஓரிங் செயின்தான் வருகிறது. கண்ணிக்குக் கண்ணி சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே கம்பெனியில் அடைத்த கிரீஸை அவைதான் காக்கின்றன. பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் கெட்டுவிடும். உள் கிரீஸ் போய்விட்டால், அப்புறம் வெளியே எவ்வளவு எண்ணெய் விட்டும் பயனில்லை. செயின் தொய்ந்து, அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் பார்க்கிங்தான். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பெட்ரோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து, மீட்டர் பெட்டி, மோட்டார் ஸ்விட்ச் என்று எங்கே பொறி இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை, 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி பற்றும். அதற்காக அதை அடுப்புப் பக்கம் வைத்துவிடாதீர்கள்.

ஆகவே பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இப்போது குதிரைக்கொம்புதான். கிடைக்காவிட்டால் ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் செயின் கிளீனர் ஸ்ப்ரே கேளுங்கள். ஓரிங் செயினுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று எஞ்சினை ஓடவிட்டுச் செயினில் துணி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். தயவுசெய்து வேண்டாம். பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். கம்பி பிரஷ் கூடாது, ரப்பரைக் கிழிக்கும். நன்றாகக் காய்ந்ததும் செயினின் உள்பக்கமாக 90 நம்பர் கியர் ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில்தான் மறுபடி மண் ஒட்டும்.

சரி, கறுத்துப்போன மண்ணெண்ணெயை என்ன செய்வீர்கள்? வாசல் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். ஈஜிபுராத் தண்ணீர் ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்ததே, அதே ஏரி. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அடுத்துத் தென்பெண்ணை, அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. நுரை மிதக்கும் அந்த அணைத் தண்ணீரில்தான் நம் ஆட்கள் நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு டப்பாவில் ஊற்றி இரவெல்லாம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வடித்துக்கொள்ளலாம். அடிக்கசடை, பழைய எஞ்சின் ஆயில் சேர்த்துக் கொடுக்கும் பட்டறையில் தந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் எஞ்சின் மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்ரூம் குழாய் அடைப்புக்குப் போடும் பவுடரைக் கரைத்து ஊறவைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
(ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு)

வேண்டாம் அம்மா. அந்தப் பவுடரில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். உங்கள் மூடி அலுமினியம். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு பொங்கும், உலோகம் அரித்துக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு கழுவினால் போகாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பிரஷால் இரண்டு முறை தேய்த்தாலே போதும். மூடியைக் கழற்றியிருந்தால் உள்ளே இருக்கும் பெல்ட்டில் எண்ணெயோ சோப்போ படக்கூடாது, வழுக்கும்.

கேள்வி: செயினுக்கு அடித்த ஆயில் பின் டிஸ்க்கில் தெறித்துவிட்டது. மண்ணெண்ணெயால் துடைத்தால் போதுமா?
(ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு)

போதாது. மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். பிரேக் கிளீனரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ வாங்கி, புதுத் துணியால் டிஸ்க்கின் இரு பக்கமும் துடையுங்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் குடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிழைக்கவைக்கப் பார்க்காதீர்கள், சூடேறும்போது உள்ளிருந்து மறுபடி கசியும். இரண்டு பேடையும் மாற்றிவிடுங்கள். தெருவுக்குப் போகுமுன் பார்க்கிங்குக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.