1974 மெட்டடோர் வேன்: துருவை எடுக்கணும், கம்பெனி பெயின்ட் போகக்கூடாது. முடியுமா?

கேள்வி இதுதான்: 1974 மாடல் மெட்டடோர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பெயின்ட் மங்கிப்போய் அங்கங்கே துரு தெரிகிறது, பட்டறையில் யாரைக் கேட்டாலும் முழுசாகச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்கலாம் என்கிறார்கள், பழைய பெயின்ட்டை வைத்துக்கொண்டே துருவை மட்டும் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. எங்கள் பெரியப்பாவின் ஜவுளிக்கடை வேன் இன்னும் அதே கம்பெனி பெயின்ட்டோடு ஈரோட்டில் நிற்கிறது. அதுவும் மெட்டடோர்தான், எழுபதுகளின் கடைசியில் வாங்கியது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் துருவைவிடப் பெரிய தடை பட்டறைதான். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. டிங்கரிங் (தகடு தட்டும் வேலை), பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பிரைமர், பெயின்ட் என்று முழு வண்டிக்கு ஒரே ரேட் பேசித்தான் அவர்களுக்குப் பழக்கம், "இந்த ஒரு சாண் மட்டும் தொடுங்க, மத்தது அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னால் கணக்கே போட வராது. எங்கள் டிங்கர் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இதுல காப்பாத்தறதுக்கு என்னங்க இருக்குது, சுரண்டி அடிச்சுட்டா புது வண்டி கணக்கா ஆயிடுமுங்க" என்றார். அவருக்கு நான் கொடுத்த ஒரே நிபந்தனை, வெளித்தகட்டில் கிரைண்டர் படக்கூடாது என்பது. எந்த வேலையாக இருந்தாலும் உள்ளேயிருந்தும் கீழேயிருந்தும்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெயின்ட் தானாகவே பெரும்பாலும் பிழைத்துவிடும்.

அதற்கு முன்னால் உங்கள் வண்டியில் இருப்பது உண்மையிலேயே கம்பெனி பெயின்ட்டா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில், கதவு பீடிங்கை உரித்தால் அதன் பின்னால், டாஷ்போர்டுக்கு உள்பக்கம், இங்கெல்லாம் இருக்கும் நிறமும் வெளியே இருக்கும் நிறமும் ஒன்றா? அப்புறம் கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சில் கொஞ்சம் என்.சி. தின்னர் தொட்டு லேசாகத் தேயுங்கள். உடனே கரைந்து பஞ்சில் வந்தால் அது பட்டறையில் அடித்த டூகோ, அதாவது சூளையில் சுடாமல் காற்றிலேயே காயும் பெயின்ட். கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட எனாமல் அவ்வளவு சுலபத்தில் கரையாது. இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது: மேலே யாரோ மலிவாக டூகோ அடித்திருந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னரால் துடைத்து எடுத்தால் அடியில் கம்பெனி நிறம் முழுசாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் வண்டியில் டிரைவர் பக்கக் கதவு அப்படித்தான் கிடைத்தது. எப்போதோ உரசி, ஏதோ ஒரு வெள்ளை அடித்து மூடியிருந்தார்கள். பஞ்சு வெள்ளையாக வந்துகொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் வெறும் அழுக்கு மட்டும் வரத் தொடங்கியது, அடியில் மற்ற பக்கங்களில் இருக்கும் அதே சந்தன நிறம். பொறுமை வேண்டிய வேலை, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

இனி துரு. இரும்பு துருவானால் இடம் அதிகம் பிடிக்கும், அதனால்தான் பெயின்ட் கொப்புளம் போல எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் பெரும்பாலும் துரு உள்பக்கத்தில் தொடங்கித் தகட்டைத் தின்றுகொண்டு வெளியே வந்திருக்கிறது. கொப்புளத்தைச் சுரண்டிப் பட்டி வைத்து மூடுவது வீண் வேலை, ஒரு மழைக்காலம் போனால் அதே இடத்தில் திரும்ப எழும்பும். பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஓட்டையை அதை வைத்து அடைத்தால் உள்ளே ஈரத்தைச் சேமித்து வைத்த மாதிரிதான்.

மெட்டடோரில் எங்கே பார்க்க வேண்டும்? 1969இல் பஜாஜ் டெம்போ இதைத் தயாரிக்கத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது ஜெர்மன் வேனின் வடிவம். முன்சக்கர இழுவை என்பதால் பின்னால் போகும் ஷாஃப்ட் கிடையாது, சரக்கு ஏற்றும் தரை ரொம்பத் தாழ்வு. மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அது வரம். ஆனால் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் அந்தத் தரைக்கு அடியிலேயே போய் ஒட்டுகிறது. எனவே முதலில் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். அதற்கு அடியில் கோணியோ தக்கையோ இருந்தால் எடுத்து எறியுங்கள். சக்கர வளைவின் உள்பக்கம், ஏறும் படி, கதவுகளின் அடிவிளிம்பு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பக்கம், கூரையைச் சுற்றி ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்கால், பேட்டரி உட்காரும் இடம். அடியில் தார் பூசியிருந்தால் நம்பாதீர்கள். காய்ந்த தார் வெடித்து அதன் பின்னால் தண்ணீர் நிற்கும், மேலே கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், கையால் உரித்தால் தகடே கூட வரும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், செத்த தகடு சொத சொதவென்று. சந்தேகம் வந்த இடத்தில் முனையால் அழுத்துங்கள், உள்ளே போகட்டும். இன்றைக்குப் போகாவிட்டால் ரோட்டில் போகும்.

ஓட்டை விழாத மேல்துருவுக்கு இரண்டு வழி. வெளிப்பக்கம், பெயின்ட் சுற்றிலும் நன்றாக இருந்து நடுவில் கீறலில் துருக்கறை இருக்கிறது என்றால் ஆக்ஸாலிக் ஆசிட். டைல்ஸ், மார்பிள் கறை எடுக்க ஹார்டுவேர் கடையில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்கு 50 கிராம் அளவு போதும், பருத்தித் துணியை அதில் நனைத்துத் துருவின் மேல் ஒட்டி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். துருக்கறை கரைந்துவிடும், பெயின்ட் பெரும்பாலும் தாங்கும். ஆனாலும் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்காமல் இறங்காதீர்கள். இது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கம் வரக்கூடாது, முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே துடைத்துக் காயவையுங்கள்.

உள்பக்கமும் அடிப்பக்கமும் என்றால் கம்பி பிரஷால் உதிர்கிற துருவை எல்லாம் எடுத்துவிட்டு, பெயின்ட் கடையில் ரஸ்ட் ரிமூவர் என்று விற்கும் பாஸ்பாரிக் ஆசிட் திரவம். குழிகளுக்குள் மிச்சமிருக்கும் துருவை அது பாஸ்பேட்டாக மாற்றிவிடும். கழுவிக் காய்ந்ததும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்ஸி பிடிக்காது, அதனால் கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். யாராவது பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் நொடியில் துரு போய்விடும் என்று சொன்னால் அவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள், அதிலிருக்கும் குளோரைடு குழிக்குள் தங்கி, முன்னைவிட வேகமாகத் துருவைக் கூப்பிடும். வெறும் ரெட் ஆக்சைடும் போதாது. கேட் கிரில்லுக்கு ஆகும், ஆனால் ஈரத்தை விட்டுவிடும்.

ஓட்டைக்குத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். இங்கேதான் பெயின்ட் சாகும் ஆபத்து அதிகம். நம் ஊர் டிங்கர்கள் கைவந்த கலையாகச் செய்யும் கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டில் சூட்டைப் பரப்பிவிடும், உள்ளே வைத்த சூடு வெளியே ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டைக் கருக்கிவிடும், தகடும் நெளியும். சூட்டை ஒரு பொட்டு இடத்திலேயே நிறுத்தும் CO2 வெல்டிங் வைத்திருப்பவரைத் தேடுங்கள். 20 கேஜ் தகடு, ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு அந்த ஓரத்தில், ஆறவிட்டு மறுபடி ஒன்று, வெளிப்பக்கம் ஈரத்துணி பிடிக்க ஒரு ஆள். இழுத்து ஒரே கோடாகப் பற்றவைக்க விடவே கூடாது. எங்கள் டிங்கர் அண்ணனுக்கு முதலில் இது எரிச்சல். "இப்படிப் பொட்டு வெச்சுட்டு இருந்தா பொழுது போயிருமுங்க" என்று முனகிக்கொண்டே செய்தார். முடிந்ததும் வெளியே போய்த் தடவிப் பார்த்தவர், பெயின்ட் அப்படியே இருப்பதைக் கண்டு பையனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கதவின் அடிவிளிம்பு மாதிரி பாரம் தாங்காத வெளித்தகட்டுக்கு வெல்டிங்கே வேண்டாம், தகட்டை ஒட்டும் பசை வந்திருக்கிறது, சூடே இல்லாத வேலை. ஆனால் தரைக்கு அடியில் ஓடும் சட்டம், சஸ்பென்ஷன் வந்து பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட், இங்கெல்லாம் பசையும் கூடாது, பெயின்ட்டைப் பார்த்துத் தயங்கவும் கூடாது. வெட்டி எடுத்துக் கனமான தகடு வைத்து முழுசாகப் பற்றவையுங்கள். அதில் ஒரு பக்கம் பெயின்ட் போனால் போகட்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், டேங்கை இறக்குங்கள், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைக்காதீர்கள், சொல்லியே ஆக வேண்டும்.

துரு வேலை முழுக்க முடிந்த பிறகுதான் பெயின்ட்டுக்கு மெருகு. முன்னாலேயே பாலிஷ் போட்டால் அதிலிருக்கும் சிலிக்கோன் தகட்டில் தங்கி, பிறகு சின்னதாகப் பெயின்ட் தொட்டு வைக்கும்போது பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் இப்போதைய கார்களில் இருக்கும் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல்பூச்சு. வெயிலில் அதன் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது, மங்கல் என்று நாம் பார்ப்பது அதைத்தான், அடியில் நிறம் உயிரோடு இருக்கும். தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒட்டுவது பெயின்ட்தான் என்பதை மறக்கவும் வேண்டாம். பிரைமரோடு சேர்த்தே ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம்தான் மொத்தமும். அதனால் பஃபிங் மெஷினைக் கொண்டுவராதீர்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸ் வகை பாலிஷைத் தாராளமாகப் பூசி ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் பருத்தித் துணியால் கையாலேயே துடையுங்கள். பாதி மங்கல் இதிலேயே போய்விடும். போகாத இடத்துக்கு மட்டும் மிக நைசான காம்பவுண்ட், அதாவது தேய்க்கும் பசை. பாடியில் மடிப்பு ஓடும் முனைகளில் பெயின்ட் இன்னும் மெல்லியது, அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். எங்கேயாவது தேய்க்கவே வேண்டியிருந்தால் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேயுங்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், காய்ந்த தூள் மூக்கில் போகக்கூடாது.

உங்கள் வண்டியின் பக்கவாட்டில் கையால் எழுதிய எழுத்து இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். எங்கள் வண்டியில் கடைப் பெயர், கீழே "மொத்தம் & சில்லறை", அதற்குக் கீழே இன்றைக்கு யாராலும் அழைக்க முடியாத ஒரு குட்டி போன் நம்பர். அது போர்டு எழுதுகிறவர் சாதாரண எனாமலில் எழுதியது, சூளையில் சுட்டதில்லை, அதனால் காம்பவுண்ட் பட்டால் கரைந்துவிடும். எழுத்தின் மேல் வெறும் தண்ணீர்த் துணி, அப்புறம் மெழுகு, அவ்வளவுதான். "றை" எழுத்தின் கொம்பில் பிரஷை அழுத்தித் திருப்பிய இடம் கொஞ்சம் தடித்து நிற்கிறது, விரலால் தடவினால் தெரியும். ஸ்டிக்கரில் அது கிடைக்காது.

புதுத்தகட்டுக்கு நிறம் கலக்கும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வெயில் படாத நிறத்தைக் கொடுத்தால் வெளியே அது கண்ணைக் குத்தும். மெருகு கொடுத்துப் பார்த்த வெளி நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும். அது கடைசியில் கண்ணால்தான் முடியும், கம்ப்யூட்டர் கலவையை நம்பி டப்பாவை மூடிவிடாதீர்கள். புதுப் பெயின்ட்டைப் பழையதன் மேல் பரப்பி மறைக்காமல் ஒரு மடிப்பிலோ ஓரத்திலோ நிறுத்துங்கள். கொஞ்சம் வித்தியாசம் தெரியும், தெரியட்டும். பழைய பெயின்ட்டின் மேல் கிளியர் கோட் அடிக்கவோ ஆளி விதை எண்ணெய் பூசவோ சொல்வார்கள். முதலாவது பின்னால் உரிந்து வரும்போது பழையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும், இரண்டாவது பிசுபிசுவென்று மஞ்சளாகித் தூசியைப் பிடிக்கும். வேண்டாம், சாதாரண மெழுகு போதும், தேய்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சட்டத்திலும் இதற்கு ஒரு லாபம் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று "VA" வரிசை எண்ணில் பதியலாம், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக்கூடாது. உங்களுடையது சரக்கு வண்டியாகப் பதிவானதாக இருந்தால் தகட்டில் கை வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள். இருக்கிற நிலையில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கடைசியாக, மூடிய சட்டங்களுக்குள்ளும் கதவுக்குள்ளும் கேவிட்டி வேக்ஸ் (உள்பொந்துகளுக்குள் அடிக்கும் மெழுகு) அடியுங்கள். பழைய என்ஜின் ஆயில் அடிக்கச் சொல்வார்கள், அது ரப்பரை எல்லாம் ஊதவைத்துவிடும். வேக்ஸ் அடித்த பிறகு கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கும், ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வண்டியைப் பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். ஷெட் இல்லையென்றால் துணிக் கவர், அதையும் மழை விட்டதும் எடுத்துக் காயப்போட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை அந்தத் துளைகளைப் பார்த்துவிடுங்கள்.