உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய உடைகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்த ஆர்வத்தில், ஒரு பெருநகரத்துக்குப் போயிருந்தபோது முதல்முறையாக, அந்தக் காலத்து உடைகளை விற்கும் விண்டேஜ் துணிக்கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கறுப்பு உடையில், புருவத்தில் வளையம் மாட்டி, கழுத்துவரை பச்சை குத்தியிருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் நான் அங்கே வர வேண்டிய ஆள் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு கறுப்பு வெல்வெட் கோட் மிகவும் பிடித்தது. லேபிளில் என் அளவுதான் போட்டிருந்தது, ஆனால் தோளே நுழையவில்லை. விலையோ புதுக் கோட்டைவிட அதிகம். யாரோ போட்டுக் கழித்ததற்கு இவ்வளவா? அது நிஜமாகவே பழையதா என்று என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்தத் தோள். உங்கள் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. லேபிளில் இருக்கும் எண்ணுக்கு நிலையான பொருள் எப்போதுமே இருந்ததில்லை. 1950களில் 12 என்று போட்ட அமெரிக்கப் பெண்கள் உடை, இன்று அதே எண்ணில் வருவதைவிடச் சில அங்குலம் சிறியது. காலப்போக்கில் நிறுவனங்கள் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு துணியைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தன. அதனால் இந்த மாதிரிக் கடைக்குப் போகும்போது பையில் ஓர் இஞ்ச் டேப் இருக்கட்டும். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, ஒரு தோள் தையலில் இருந்து மறு தோள் தையல் வரை, ஓர் அக்குளில் இருந்து மறு அக்குள் வரை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் உடையையும் அதேபோல் விரித்து அளந்துவிட்டால் ட்ரையல் ரூமுக்குள் போவதற்கு முன்பே பாதி முடிவு தெரிந்துவிடும். இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம். கையைக் குறைக்கலாம். உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பக்கவாட்டைப் பிரித்துக் கொஞ்சம் அகலமாக்கவும் முடியும். தோள்பட்டை மட்டும் அப்படி வளைந்து கொடுக்காது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கோட்டையே பிரித்துப் போட வேண்டும். தோள் சேராத உடையை, எவ்வளவு பிடித்திருந்தாலும், ஹேங்கரிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்தது சரி.

அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்கும் பழைய துணிக்கும் உள்ள உறவு நெடுநாளையது. லண்டனில் 1960களில், ராணுவம் கழித்துப்போட்ட உடுப்புகளை இளைஞர்கள் தேடி வாங்கி அணிந்தார்கள். ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போட்டிருந்த, மார்பு முழுக்கப் பின்னல் வேலை செய்த பழைய குதிரைப்படை மேலங்கியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவருடைய கூட்டாளி மால்கம் மெக்லாரனும் 1971இல் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் கடை தொடங்கியபோது விற்றது 1950களின் பாணி உடைகளை. பங்க் என்ற கலகக்கார இசை, உடை பாணி வளர்ந்தது அதே கடையில்தான். கறுப்பு உடையை விரும்பும் காத் பாணிக்காரர்கள் பழைய லேஸையும் வெல்வெட்டையும் தேடிப் போனார்கள். புதிதாகக் கடைக்கு வரும் எதுவும் தங்களுக்குப் பொருந்தவில்லை என்று நினைத்தவர்கள், கழித்துப்போட்டதில் தங்களைக் கண்டுபிடித்தார்கள். எங்கேயும் பொருந்தாமல் நின்ற அனுபவம் அவர்களுக்கும் உண்டு. அதனால் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். “இது எந்தக் காலத்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல கடையாக இருந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து விளக்குவார்கள்.

அது நிஜமாகவே பழையதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் உடையின் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் போகாதீர்கள், உடையை உள்பக்கம் திருப்புங்கள். துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிளை உடையிலேயே நிலையாக இணைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அப்படிப்பட்ட லேபிள் தைத்த அமெரிக்க உடையை 1950களைச் சேர்ந்தது என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் தைத்த சின்னச் சிவப்புப் பட்டையில் பெயர் முழுதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (LEVI'S) இருந்தால் 1971க்கு முந்தைய தயாரிப்பாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நிறுவனமே பழைய வடிவங்களை மறுபடி தயாரித்து விற்கிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில், 1941 முதல், சிக்கனத் திட்டத்தின்கீழ் தைத்த உடைகளில் சிசி41 (CC41) என்ற முத்திரை இருக்கும். பெண்கள் கவுனில் இடப்பக்க இடுப்பில் உலோக ஜிப் இருந்தால் அது பெரும்பாலும் 1930களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்டது. டீ-ஷர்ட்டின் கை ஓரத்தில் ஒற்றைத் தையல் ஓடினால் அது 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். லேபிளை வெட்டி ஒட்டலாம், ஜிப்பை மாற்றியிருக்கலாம். லேபிள், ஜிப், தையல், துணி நான்கும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, வயது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதைவிட முக்கியம், உடையில் இன்னும் உயிர் இருக்கிறதா என்பது. அக்குள் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வியர்வை பல வருடம் ஊறிய இடத்தில் இழை பலவீனமாகியிருக்கும், சாயமும் மாறியிருக்கும். கறை போனாலும் பலம் திரும்பாது. கம்பளியில் ஊசிமுனை போலப் பொத்தல்கள் தெரிந்தால் காலருக்கு அடியிலும் மடிப்புகளிலும் தேடுங்கள். அங்கே மணல் போன்ற துகள்களோ மெல்லிய நூற்கூடுகளோ இருந்தால் அந்துப்பூச்சியின் புழுக்கள் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். நூறு வருடம் பழைய பட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்த உப்பே இழையை உள்ளிருந்து அரித்துவிடும். அப்படிப்பட்ட பட்டு மடிப்போடு மடிப்பாகக் கீறிக்கொண்டு வரும், எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. தோல் மாதிரி பூச்சு பூசிய 1980களின் ஜாக்கெட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், விரலில் பிசுபிசுத்தால் பூச்சு உரியத் தொடங்கிவிட்டது. இதற்கு நேர்மாறாக, பட்டன் போனது, லைனிங் கிழிந்தது, ஓரத்தையல் விட்டது, காஜா பிரிந்தது எல்லாம் சின்ன வேலை. அவற்றுக்காக நல்ல உடையைக் கைவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

விலை பற்றி. யாரோ கழித்ததற்கு இவ்வளவா என்று கேட்டிருந்தீர்கள். மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியில் அந்தக் கோட்டுக்குச் சமமாக நிற்கக்கூடியவை மிகக் கொஞ்சம். அதைப் பிரித்தெடுத்த கண்ணுக்கும், துவைத்துத் தைத்த கைக்கும், நகரத்துக் கடை வாடகைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனால் உழைப்பே செலவழிக்காமல், எண்பதுகளின் சாதாரணச் சட்டையை விண்டேஜ் என்று எழுதி மாட்டிப் பணம் பறிக்கும் கடைகளும் இருக்கின்றன. அதில் எனக்குக் கோபம்தான். அக்குள் கறையோடு, பிரிந்த ஓரத்தோடு, ஒரு தகவலும் இல்லாமல் தொங்கும் உடைக்குப் பெரிய விலை கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது கம்பளிக் கோட்டில் இருந்து தொடங்குங்கள். வெல்வெட்டைவிட அதில் குறைகள் சுலபமாகத் தெரியும், பழுதுபார்க்கவும் எளிது. வாங்கியதும் உடனே மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் அதில் செத்துவிடும். அப்புறம் வெளியே எடுத்து, பை குளிர் விட்டபின் பிரித்து, நிழலில் காற்றாட மாட்டுங்கள். அந்துருண்டை வாசனை மெதுவாகத்தான் போகும், வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம். லைனிங் கறை படிந்திருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லித் தையல்காரரிடம் கொடுங்கள். கம்பளியை நீங்களே தண்ணீரில் போட வேண்டாம், டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.